ஜான் பிரெஸ்காட்: கப்பல் ஸ்டூவர்டு, சங்கக்காரர், துணைப் பிரதமர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் அரசியலைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜான் பிரெஸ்காட்டின் பெயரும் எங்காவது வந்துவிடும். உடனே, "முட்டை எறிந்தவனைக் குத்தினாரே, அவர்தானே?" என்பார்கள். அவரேதான். ஆனால் அந்தக் குத்து சில விநாடிகளில் முடிந்துபோன விஷயம். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வாழ்க்கை, கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜான் பிரெஸ்காட் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1938 மே 31 அன்று வேல்ஸின் வடகரையில் உள்ள பிரெஸ்டாட்டின் ஊரில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் சிக்னல்மேன். பிரெஸ்காட் சமையல் பழகுநராக வேலையைத் தொடங்கினார், பிறகு பயணிகள் கப்பல்களில் ஸ்டூவர்டு ஆனார். அங்கிருந்து கடலோடிகள் சங்கத்துக்கு வந்தார். 1970இல், இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத் துறைமுக நகரமான ஹல்லில், ஹல் கிழக்குத் தொகுதியில் லேபர் (தொழிற்) கட்சி சார்பில் வென்று, 2010 வரை 40 ஆண்டுகள் அதே தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1997 முதல் 2007 வரை டோனி பிளேர் ஆட்சியில் துணைப் பிரதமர். 2024 நவம்பர் 20 அன்று, 86ஆம் வயதில் இறந்தார்.

பள்ளிக்கூடத்தில் எப்படி?

அந்தக் காலத்து பிரிட்டனில் 11 வயதுப் பிள்ளைகளுக்கு "லெவன் பிளஸ்" என்று ஒரு தேர்வு உண்டு. தேறினால் கிராமர் ஸ்கூல், அங்கிருந்து பல்கலைக்கழகம். தேறாவிட்டால் சாதாரணப் பள்ளி, பிறகு கைத்தொழில். பிரெஸ்காட் தேறவில்லை.

அவருக்குப் பிடித்த ஒரு பெண் தேறிவிட்டாள். அவளுக்கு ஒரு காதல் கடிதம் எழுதினார். கடிதம் திரும்பி வந்தது, எழுத்துப் பிழைகளெல்லாம் திருத்தப்பட்டு! இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் துணைப் பிரதமரான பிறகும் ஒரு மனிதர் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் அந்தக் காயம் ஆறவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மேடையில் அவருடைய வாக்கியங்கள் பாதியில் முறிந்து, வேறு வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். லண்டன் பத்திரிகைகள் அதைக் கேலி செய்தே பல பத்திகளை நிரப்பின. அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது ஹல் துறைமுகத்தில் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

கப்பலில் அவர் செய்த வேலை என்ன? மாலுமியா?

கயிறு இழுக்கும் மாலுமி இல்லை, எஞ்சின் அறையும் இல்லை. 1950களின் நடுவில் இருந்து 1963 வரை, பெரும்பாலும் கியூனார்டு நிறுவனத்தின் கப்பல்களில் ஸ்டூவர்டு. பயணிகளுக்கு உணவு பரிமாறுவது, மேசை துடைப்பது, கேபினுக்குத் தட்டு கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை.

இதை லேசான வேலை என்று நினைப்பவர்கள் கப்பல் ஆடும்போது பரிமாறிப் பார்த்ததில்லை. கடல் மோசமானால் மேசை விரிப்பைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவார்கள், தட்டு வழுக்காமல் இருக்க. மேசை விளிம்பில் சிறு தடுப்புகளை உயர்த்தி வைப்பார்கள். அதற்கு நடுவில் சூப் சிந்தாமல், முகத்தில் புன்னகை குறையாமல் நடந்துவர வேண்டும். மேல்தளத்தில் சரவிளக்கும் பியானோவும். கீழே, ஊழியர்களுக்கு நெருக்கமான பங்குக் கேபின்கள். ஒரே கப்பலுக்குள் இரண்டு ஊர். அந்த இரண்டு ஊருக்கும் இடையே ஒரு நாளில் பத்து முறை ஏறி இறங்குகிறவன் ஸ்டூவர்டுதான். எஞ்சின் அறையில் இருப்பவனுக்கு மேல்தளம் கண்ணில் படாது. ஸ்டூவர்டுக்குத் தினமும் படும். சங்க உணர்வு அவருக்கு அங்கேதான் ஊறியது என்று நினைக்கிறேன்.

முன்னாள் பிரதமருக்கே பரிமாறினாராமே?

ஆமாம். எகிப்தின் சூயஸ் கால்வாயைக் கைப்பற்றப் படை அனுப்பிப் பின்வாங்க நேர்ந்த விவகாரத்தில் பதவி விலகிய அந்தோணி ஈடன், 1957 ஜனவரியில் உடல் தேறுவதற்காக நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் ரங்கிட்டாட்டா. அதில் 18 வயது பிரெஸ்காட் ஸ்டூவர்டு. ஈடன் பெரும்பாலும் கேபினிலேயே இருந்தார். ஊழியர்களுக்கான குத்துச்சண்டைப் போட்டிகளில் பிரெஸ்காட் வென்றபோது பரிசு கொடுத்தவர் ஈடன். அவரை உண்மையான கனவான் என்று பிரெஸ்காட் பிற்பாடு சொன்னார். ஈடன், லேபருக்கு எதிர்முகாமான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். கட்சி வேறு, மரியாதை வேறு என்று பார்க்கத் தெரிந்தவர் பிரெஸ்காட்.

1966 கடலோடிகள் வேலைநிறுத்தம் எதற்காக நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் வேலை செய்துகொண்டே இருப்பான். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 7 நாள், ஆக 56 மணி நேரம். கரையில் இருந்த தொழிலாளிகளுக்கு அப்போது 40 மணி நேர வாரம் வழக்கமாகிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் 40 மணி நேரம்தான் வாரம், அதற்கு மேல் போனால் ஓவர்டைம் என்று கடலோடிகள் தேசியச் சங்கம் கேட்டது. முதலாளிகள் மறுத்தார்கள். 1966 மே 16 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 1911க்குப் பிறகு அந்தச் சங்கம் நாடு முழுவதும் நடத்திய முதல் வேலைநிறுத்தம் அது.

இந்தப் போராட்டத்துக்கு ஒரு விசித்திரமான அமைப்பு உண்டு. தொழிற்சாலை என்றால் ஒரே நாளில் கதவை மூடிவிடலாம். கப்பலில் அது முடியாது. வெளிநாட்டிலோ நடுக்கடலிலோ வேலையை நிறுத்தினால் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி குற்றம், சிறைக்குக்கூடப் போகலாம். அதனால் ஒவ்வொரு கப்பலும் பிரிட்டன் துறைமுகத்துக்குத் திரும்பி வந்து, கயிறு கட்டி, ஆட்கள் கையெழுத்துப் போட்டு இறங்கிய பிறகுதான் போராட்டத்தில் சேர முடியும். நாள் ஆக ஆகப் போராட்டம் தளரவில்லை, பெருகியது. லண்டன், லிவர்பூல், சவுத்தாம்ப்டன், ஹல் துறைமுகங்களில் கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஆட்சியில் இருந்தது லேபர் கட்சி, பிரதமர் ஹரால்டு வில்சன். பவுண்டின் மதிப்பு சரிந்துவிடுமோ என்ற பயமும், ஊதிய உயர்வு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கொள்கையும் அவருக்கு இருந்தன. மே 23 அன்று அவசரநிலை அறிவித்தார். ஜூன் 20 அன்று நாடாளுமன்றத்தில், அரசியல் நோக்கம் கொண்ட ஒரு சிறு குழு இறுக்கமாகச் சேர்ந்துகொண்டு சங்கத்தை ஆட்டுவிக்கிறது என்று பேசினார். கம்யூனிஸ்டுகளைத்தான் சொன்னார். அந்தத் தகவல் உளவுத்துறையிடமிருந்து வந்தது.

அதில் பிரெஸ்காட்டின் பங்கு என்ன?

அப்போது அவர் ஹல் பல்கலைக்கழக மாணவர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில், தொழிலாளிகள் படிப்பதற்கென்றே இருந்த ரஸ்கின் கல்லூரியில் 1963 முதல் 1965 வரை படித்தார். லெவன் பிளஸ் தேறாத பையனுக்கு இரண்டாவது கதவைத் திறந்துவிட்டது அந்தக் கல்லூரிதான்.

அந்த 1966 மார்ச்சில்தான் சவுத்போர்ட் தொகுதியில் வில்சனின் கட்சிக்காகவே வேட்பாளராக நின்று தோற்றிருந்தார். இரண்டு மாதம் கழித்து, அதே வில்சனின் அரசுக்கு எதிராக ஹல் போராட்டக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார். அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை கடலோடிகளுக்குச் சாதகமாக இல்லாதபோது, அதற்கு மறுப்பாக இன்னொரு சங்கத் தோழரோடு சேர்ந்து ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். வேலை நேரம், வசிக்கும் இடம், 1894 சட்டம் எல்லாவற்றையும் கணக்கும் வாதமுமாக அடுக்கிய எழுத்து அது. எழுத்துப் பிழைக்காகக் கடிதம் திருப்பி அனுப்பப்பட்ட பையன் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் மனம் நெகிழும்.

ஜூலை 1 அன்று போராட்டம் முடிந்தது. வேலை நேரம் ஒரே அடியாகக் குறையவில்லை, படிப்படியாக 40ஐ நோக்கி இறங்கியது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்று பலருக்கு ஆத்திரம். ஆனால் 1894 சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. 1970இல் புதிய வணிகக் கப்பல் சட்டம் வந்தது.

நாடாளுமன்றத்துக்கு எப்படிப் போனார்?

1968இல் பட்டம் முடித்து, சங்கத்தின் முழுநேர ஊழியரானார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஹல் நகரத்தின் மூன்று மீன்பிடி டிராலர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் இறந்தார்கள். ஒரே ஒருவர்தான் உயிர் தப்பினார். மீனவர்களின் மனைவிமார் லில்லியன் பிலோக்கா என்ற பெண்மணியின் தலைமையில் துறைமுகத்தில் இறங்கி, ரேடியோ ஆபரேட்டர் இல்லாமல் எந்த டிராலரும் கிளம்பக் கூடாது என்று மறித்தார்கள். அப்படிப்பட்ட ஊர் அது. 1970இல் ஹல் கிழக்குத் தொகுதிக்கு ஒரு கடலோடியை நிறுத்தியதில் ஆச்சரியமே இல்லை.

அவையில் அவரைக் கேலி செய்தார்களா?

செய்தார்கள். அவர் பேச எழுந்தால் எதிர்வரிசையில் சில கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள், ஓட்டலில் வெயிட்டரைக் கூப்பிடுவதுபோல, "எனக்கொரு ஜின் டானிக்!" என்று குரல் கொடுப்பார்கள். அவர்களுடைய பாட்டனாருக்கும் இப்படி ஒரு பையன்தான் பரிமாறியிருப்பான். அந்தப் பையன் இப்போது தங்களுக்குச் சமமான பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. உழைத்த தொழிலைச் சொல்லி ஒருவரை அவமானப்படுத்த முடியும் என்று நினைப்பதே கீழ்த்தரம். நம் ஊரில் இதற்கு வேறு வடிவங்கள் உண்டு என்பதால் இது நமக்குச் சட்டென்று புரியும்.

தேம்ஸ் நதியில் நீந்தினார் என்பது உண்மையா?

உண்மை. அணுக் கழிவுகளைப் பீப்பாய்களில் அடைத்து அட்லாண்டிக் கடலில் கொட்டும் வழக்கம் அப்போது பிரிட்டனுக்கு இருந்தது. 1983இல் கடலோடிகள் சங்கமும் மற்ற போக்குவரத்துச் சங்கங்களும் அந்தச் சரக்கைத் தொட மாட்டோம் என்றன. ஏற்றுவதற்கு ஆள் இல்லை, கப்பல் கிளம்பவில்லை. அந்த டிசம்பரில், குளிர் நடுங்கும் தண்ணீரில், நீர்புகா உடை அணிந்து பேட்டர்சீயில் இருந்து நாடாளுமன்றக் கட்டடம் வரை நீந்தினார் பிரெஸ்காட். பலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் கொட்டுவதை முதலில் கையில் எடுக்க வேண்டியவன் கடலோடிதான். சங்கத்தின் வேலை சம்பளத்தோடு முடிந்துவிடாது என்பதை அன்று அவர்கள் காட்டினார்கள்.

1993 மாநாட்டுப் பேச்சு என்று சொல்கிறார்களே, அது என்ன?

லேபர் கட்சியில் சங்கத் தலைவர்கள் தங்கள் உறுப்பினர் எண்ணிக்கையைக் காட்டி மொத்தமாக வாக்களிக்கும் முறை இருந்தது. அதை மாற்றி ஆளுக்கு ஒரு வாக்கு என்று கொண்டுவர விரும்பினார் அப்போதைய தலைவர் ஜான் ஸ்மித். தோற்றுவிடும் என்ற நிலையில், பிரைட்டன் மாநாட்டில் கடைசியாகப் பேச பிரெஸ்காட்டை அனுப்பினார். இலக்கணம் தாறுமாறாக, உணர்ச்சி கொந்தளிக்கப் பேசினார். தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. சங்கத்தில் வளர்ந்த ஆள் கேட்டதால்தான் சங்கத்துக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்மித் இறந்த பிறகு பிளேர் தலைவர், பிரெஸ்காட் துணைத் தலைவர்.

துணைப் பிரதமராக என்ன செய்தார்?

சுற்றுச்சூழல், போக்குவரத்து, பிராந்தியங்கள் எல்லாம் சேர்ந்த பெரிய துறை அவருடையது. 1997 டிசம்பரில் கியோட்டோ காலநிலைப் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா மூன்றுக்கும் இடையே ஓடி ஓடிப் பேசினார். முடிவில் ஐரோப்பிய ஒன்றியம் 8, அமெரிக்கா 7, ஜப்பான் 6 சதவீதம் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பது என்று உடன்பாடு எட்டியது. சம்பளப் பேச்சுவார்த்தை நடத்திப் பழகியவருக்கு, யார் எந்த எண்ணில் இறங்குவார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். பிறகு அமெரிக்கா அதை அங்கீகரிக்கவில்லை என்பது வேறு கதை.

பிரிட்டனையும் பிரான்ஸையும் கடலுக்கடியில் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்திலிருந்து லண்டன் வரையிலான அதிவேக ரயில் பாதை பணமில்லாமல் நின்றுபோக இருந்தபோது அதைக் காப்பாற்றியதும் அவர் காலத்தில்தான். வடகிழக்கு இங்கிலாந்துக்குத் தனி மன்றம் கொண்டுவரும் அவருடைய கனவை 2004 வாக்கெடுப்பில் மக்களே பெருவாரியாக நிராகரித்தார்கள்.

கப்பல் துறையில் அவர் போட்ட வித்து, 2000இல் வந்த டன்னேஜ் வரி. லாபத்துக்குப் பதிலாகக் கப்பலின் கொள்ளளவை வைத்து வரி கட்டலாம், அதற்குப் பதிலாக ஒவ்வொரு 15 அதிகாரி இடத்துக்கும் ஆண்டுக்கு ஒரு பயிற்சி அதிகாரியை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கேடட்டுகளுக்கு வாய்ப்பு வந்தது. ஆனால் சாதாரண மாலுமிகளுக்கு, ஸ்டூவர்டுகளுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஒரு முன்னாள் ஸ்டூவர்டு போட்ட திட்டத்தில் இந்த ஓட்டை இருந்திருக்கக் கூடாது.

குத்து விட்டது பற்றி?

2001 மே 16, தேர்தல் பிரசாரம், வேல்ஸில் ரில் ஊர். பக்கத்திலிருந்து ஒருவர் முட்டையை அவர் மேல் அடித்தார். இவர் இடது கையால் ஒரு குத்து விட்டார். ரங்கிட்டாட்டாவில் பரிசு வாங்கிய கை. தேர்தலில் கட்சி வென்றது. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.

பதவிக்கு வந்ததும் தொழிலாளிகளைக் கைவிட்டார் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது, மழுப்ப விரும்பவில்லை.

லிவர்பூல் துறைமுகத் தொழிலாளிகள் 1995இல் வேலை இழந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்கள். லேபர் ஆட்சிக்கு வந்த பிறகும் அவர்களுக்கு விடிவு கிடைக்கவில்லை, 1998 தொடக்கத்தில் போராட்டம் முடிந்துபோனது. அந்த பிப்ரவரியில் ஓர் இசை விருது விழாவில் ஒரு பாடகர் அந்தத் தொழிலாளிகளின் பெயரைச் சொல்லி ஐஸ் தண்ணீரை பிரெஸ்காட்டின் தலையில் கொட்டினார். துறைமுகத்தைத் தன் வீடாகச் சொல்லிக்கொண்ட மனிதருக்கு அந்தத் தண்ணீர் சுட்டிருக்கும்.

அடுத்தது 2002–03 தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம். ஆண்டுக்கு 30,000 பவுண்டு சம்பளம் கேட்டார்கள், அது 40 சதவீத உயர்வு. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அமைச்சர் பிரெஸ்காட். அரசே நிபந்தனைகளைத் திணிக்க அதிகாரம் தரும் ஒரு சட்டத்தையும் 2003இல் கொண்டுவந்தார். 1966இல் வில்சன் நின்ற இடத்தில் இப்போது இவர். வில்சனை எதிர்த்து எழுதிய கையே அந்தச் சட்டத்தையும் எழுதியது என்பதை அவரை நேசிக்கிற நாமும் மறைக்கக் கூடாது.

அவருடைய பழைய கடலோடிகள் சங்கம் 1990இல் ரயில்வே சங்கத்தோடு இணைந்திருந்தது. அரசோடு முரண்பட்ட அந்தச் சங்கம் லேபர் உறுப்பினர்களுக்குத் தந்த ஆதரவைக் குறைத்தபோது, 2002இல் அவர் சங்கத்திலிருந்தே விலகினார். இளம் வயதில் சேர்ந்த சங்கம். 2010இல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்கும் போனார்.

வேறு சர்ச்சைகள்?

தன் செயலகத்தில் வேலை செய்த பெண்ணோடு இருந்த உறவு 2006இல் வெளியே வந்தது. துறை பறிபோனது, பதவிப் பெயர் மட்டும் மிஞ்சியது. மனைவி பாலின் அவரோடு இறுதிவரை இருந்தார். ஈராக் போருக்கு 2003இல் துணை நின்றார். 2016இல் விசாரணை அறிக்கை வந்தபின் அந்தப் போர் சட்டவிரோதமானது என்று வெளிப்படையாக எழுதினார், அந்தச் சுமை வாழ்நாள் முழுவதும் தன்னோடு இருக்கும் என்றார்.

2008இல் இன்னொன்றையும் சொன்னார். மன அழுத்தத்தில் அளவுக்கு மீறி உண்டு, பிறகு வாந்தி எடுக்கும் நோய் தனக்குப் பல ஆண்டுகள் இருந்தது என்று. 70 வயதை நெருங்கும், குத்துச்சண்டை போட்ட ஓர் ஆண் அதைச் சொல்வதற்கு அந்தக் குத்தை விடப் பெரிய துணிச்சல் வேண்டும்.

அவர் செய்ததில் எதை முக்கியம் என்பீர்கள்?

கியோட்டோ என்று சொல்பவர்கள் உண்டு. என் பதில் வேறு. மூழ்கிய கப்பல்களின் கோப்புகளை அவர் மறுபடி திறந்தார். அதுதான்.

எம்.வி. டெர்பிஷயர் என்று ஒரு மொத்தச் சரக்குக் கப்பல். கட்டி நான்கே ஆண்டு. கனடாவில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானின் கவாசாகிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1980 செப்டம்பர் 9 வாக்கில், ஜப்பானுக்குத் தெற்கே, ஆர்க்கிட் என்ற சூறாவளியில் காணாமல் போனது. உதவி கேட்டு ஒரு சொல்கூட வரவில்லை. 42 ஊழியர்களும், உடன் போயிருந்த இருவரின் மனைவிமாரும், ஆக 44 பேர். கடலில் காணாமல்போன பிரிட்டன் கப்பல்களில் இதைவிடப் பெரியது இல்லை. முதல் விசாரணை, இயற்கையின் சீற்றம் என்று சொல்லி 1989இல் கோப்பை மூடியது.

குடும்பங்கள் விடவில்லை. அவர்களில் பலர் லிவர்பூல்காரர்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு பணம் கொடுத்து, 1994இல் நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். ஓர் அரசு செய்திருக்க வேண்டிய வேலையைத் தொழிலாளர் அமைப்பு செய்தது! அதன்பின் ஆய்வாளர்கள் தந்த அறிக்கையில், முன்பக்கக் கயிற்றறையின் மூடியை ஊழியர்கள் சரியாக இறுக்கவில்லை என்ற தொனி இருந்தது. அதாவது, செத்தவர்கள் மீதே பழி.

1998 டிசம்பரில் பிரெஸ்காட் விசாரணையை மறுபடி திறக்க உத்தரவிட்டார். நீதிபதி கோல்மன் 2000இல் முழு விசாரணை நடத்தினார். முடிவு: முன்தளத்தில் இருந்த காற்றுக் குழாய்களையும் வென்டிலேட்டர்களையும் அலைகள் பெயர்த்திருக்கின்றன. அந்த ஓட்டைகள் வழியே முன்பகுதியில் தண்ணீர் சிறிது சிறிதாக நிறைந்து மூக்கு தாழ்ந்தது. தாழ்ந்த மூக்கின் மேல் அலை ஏற, முதல் சரக்கறையின் மூடி நொறுங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அந்த மூடிகளுக்கு விதிகள் கேட்ட வலிமையே போதாது. ஊழியர்கள் மேல் தவறு இல்லை. 20 ஆண்டுகள் கழித்து, 44 பேரின் பெயர் மேலிருந்த கறை நீங்கியது. சரக்கறை மூடிகள் பற்றிய விதிகளும் கடுமையாயின. இன்று மொத்தச் சரக்குக் கப்பலில் ஏறும் தூத்துக்குடிப் பையனுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொன்று மார்ஷனஸ். 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, தேம்ஸ் நதியில் பிறந்தநாள் விருந்து நடந்த படகு அது. மணல் அள்ளும் கப்பல் மோதி 51 பேர் இறந்தார்கள். அடையாளம் காண்பதற்காக இறந்தவர்கள் பலரின் கைகள் வெட்டி எடுக்கப்பட்டதைப் பெற்றோர் பின்னால்தான் அறிந்தார்கள். பத்து ஆண்டுகள் அவர்கள் கேட்ட பொது விசாரணை கிடைக்கவில்லை. பிரெஸ்காட் 1999இல் ஒரு நீதிபதியை நியமித்து, அவர் பரிந்துரைப்படி 2000இல் முறையான விசாரணைக்கு உத்தரவிட்டார். அதன் பயனாக 2002இல் தேம்ஸில் உயிர்காக்கும் படகு நிலையங்கள் வந்தன.

மூன்றாவது அவருடைய தொகுதி ஊர்க் கப்பல். ‘கால்’ (Gaul) என்ற ஹல் டிராலர், 1974 பிப்ரவரியில் நார்வேக்கு வடக்கே 36 பேரோடு மூழ்கியது. சோவியத் யூனியனை உளவு பார்க்கப் போனது என்று கால் நூற்றாண்டு வதந்தி. 1997இல் சிதைவு கிடைத்தபின், இந்த விசாரணையும் மறுபடி திறக்கப்பட்டது. 2004இல் வந்த முடிவு குடும்பங்களுக்கு ஆறுதலாக இல்லை. மீன்கழிவு தள்ளும் வாய்கள் திறந்திருந்ததால் தண்ணீர் புகுந்தது என்றது அது. பலர் இன்றும் ஏற்கவில்லை. கோப்பைத் திறந்தால் வேண்டிய பதில்தான் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் திறந்து பார்க்கும் உரிமை அந்த 36 வீடுகளுக்கும் இருந்தது.

கடலில் செத்தவன் வாய் திறக்க மாட்டான், அதனால் பழி அவன் மேல் போவது சுலபம். கப்பலின் கீழ்த்தளத்தில் படுத்துத் தூங்கியவருக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இந்தக் கோப்புகள் அலமாரியிலேயே மக்கியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தியக் கடலோடிகளுக்கு இவருடைய சங்கம் என்ன செய்தது?

வலிக்கிற கேள்வி. பிரிட்டன் கப்பல்களில் "லஸ்கர்" என்ற பெயரில் இந்தியர்கள் தலைமுறை தலைமுறையாக, தனி ஒப்பந்தத்தில், வெள்ளைக்காரரை விடக் குறைந்த சம்பளத்தில் வேலை செய்தார்கள். 1966இல் 40 மணி நேரம் கேட்டபோது அந்தக் கோரிக்கை அவர்களுக்காக எழுப்பப்படவில்லை. 1976இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோதும், வெளிநாட்டில் சேர்த்த கடலோடிகளுக்குக் குறைத்துச் சம்பளம் கொடுக்க அதில் ஒரு விலக்கு வைத்தார்கள். பிரெஸ்காட் துணைப் பிரதமராக இருந்த பத்து ஆண்டுகளிலும் அந்த விலக்கு நீடித்தது. 2011இல்தான் அதைச் சுருக்கினார்கள், அதுவும் முழுமையாக இல்லை.

இப்போது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. சிடிசி என்ற கடலோடிச் சான்றிதழ் வாங்கிக் கப்பலுக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: உங்கள் ஓய்வு நேரப் பதிவேட்டில் பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். நாளை ஏதாவது நடந்தால் விசாரணை முதலில் அந்தத் தாளைத்தான் எடுக்கும்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

2019இல் பக்கவாதம் வந்தது. பிறகு அல்சைமர் நோய். அவையில் ஓயாமல் ஒலித்த குரல் மெல்ல அடங்கியது. 2024 நவம்பரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க, அவருக்குப் பிடித்த ஜாஸ் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்க உயிர் பிரிந்தது என்று குடும்பம் தெரிவித்தது. அடுத்த ஜனவரியில் இறுதிச் சடங்கு லண்டனில் இல்லை, ஹல் நகரத்துப் பழைய தேவாலயத்தில் நடந்தது. முன்னாள் பிரதமர்கள் அந்தத் துறைமுக ஊருக்கு வந்தார்கள்.